கையால் சுற்றிய ஐந்நூறு மீட்டர்

விழுப்புரம்
8.7.2025, செவ்வாய்

பிரியா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. தேர்வுப் போட்டி நடந்த ஏப்ரல் இருபத்தேழுக்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று உங்கள் வாசலில் வந்து நின்றேன். நீ உள்ளே இருக்கிறாய் என்று தெரிந்தது. உன் அம்மா, நீ வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

இங்கே போன் வைத்துக்கொள்ளக் கூடாது. தபாலில் வருவதை அலுவலகத்தில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். என் வகுப்பில் மலர்விழி என்று ஒருத்தி, தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வருகிறாள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது எழுந்தால் தாளைச் சுருட்டிப் பாவாடைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

நாலு கிலோமீட்டரைப் பதினாறு நிமிடத்துக்குள் ஓடினால்தான் இந்த விளையாட்டு விடுதியில் இடம் என்பது உனக்குத் தெரியும். நான் 15.49. நீ 16.04. இங்கே வந்து ஐந்து வாரமாகிறது. சனிக்கிழமைதோறும் மைதானத்தில் பத்துச் சுற்று ஓடவிட்டு நேரம் எடுக்கிறார்கள். ஒருமுறைகூட என்னால் பதினாறுக்குள் வர முடியவில்லை. முதல் வாரம் 16.52. நன்றாக ஓடிய வாரம் 16.38. அன்று ஓடி முடித்து வாந்தி எடுத்தேன்.

கோச் இருதயமேரி மேடம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் ஓடியது நீதானா, உன் அக்காவா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பக்கத்தில் நின்ற அக்காக்கள் சிரிக்கவில்லை. வருகிற இருபத்தேழாம் தேதி மறுதேர்வு. பதினாறுக்குள் வராதவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போட்டிக்கு முந்தின நாள் நம் பி.டி. மாஸ்டர் தென்னரசு சார் முட்டி வலி என்று, பாதையைத் தள்ளி அளக்கும் சக்கரத்தை நம்மிடம் கொடுத்தார் இல்லையா. முதல் இரண்டாயிரம் மீட்டர் நீ தள்ளினாய். மீதியை நான் தள்ளி, நாலாயிரம் எங்கே வருகிறதோ அங்கே முடிவுக் கொடியை நட வேண்டும். நட்டேன். ஆனால் மதகிலிருந்து அரசமரம் வரைக்கும் ஏரிக்கரை மேல் நான் சக்கரத்தைத் தள்ளவே இல்லை. அந்தத் துண்டு ஐந்நூறு மீட்டர் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

அது நானூறுதான் என்றால் நாம் ஓடியது நாலு கிலோமீட்டரே இல்லை. என் 15.49 பொய். எனக்கு இங்கே இடமே இல்லை. வேறு எப்படி நான் ஒரு நிமிடம் மெதுவாகிவிட முடியும்?

நீ போய் அந்தத் துண்டை அளந்து சொல்கிறாயா? குறைவு என்றால் மறுதேர்வுக்கு முன்பே நானே கிளம்பிவிடுகிறேன். எல்லோர் முன்னாலும் போவதைவிட அது மேல்.

செல்வி

திண்டிவனம்
10.7.2025

செல்வி,

கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம் அதிகமானது.

எங்கள் வீட்டில் இப்போது எனக்கு என்ன பெயர் தெரியுமா? ஜெகதீசன் சித்தப்பா உள்ளே வரும்போதே, “இன்னா நாலு செகண்டு, சாப்ட்டியா?” என்பார். தண்ணீர் கொண்டுவரத் தாமதமானால், “அதுக்கு எப்பவுமே நாலு செகண்டு லேட்டுதான்” என்பார். அப்பாவிடம் ஒருநாள், “நம்ம கொல்லியில களை எடுக்கறவ பொண்ணு ஜெயிச்சுட்டா, இது எதுக்கு இன்னும் ஷூ போட்டுக்கினு?” என்றார். மறுநாள் என் ஷூ பரண்மேல் போய்விட்டது. நான் இப்போது காமர்ஸ் படிக்கிறேன். ஓடுவதில்லை.

நீ என்னவென்றால் விடுதியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வேலை சொல்கிறாய். பாதை குறைவு என்றால் உன் நேரம் மட்டுமா பொய்? குறைந்த தூரத்திலேயே என்னால் பதினாறுக்குள் வர முடியவில்லை என்று ஆகிவிடாதா? அதைத் தெரிந்துகொள்ள நானே போய் வெயிலில் நின்று அளக்க வேண்டுமா?

என் இரண்டாயிரம் மீட்டரை நான் முழுக்கத் தள்ளினேன். உழுத கொல்லையில் சக்கரம் மண்ணில் மாட்டிக்கொண்டது. இரண்டு தடவை பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தேன். நீ ஏன் தள்ளவில்லை? அதை முதலில் எழுது. எழுதாவிட்டால் அளக்க மாட்டேன்.

கலைப்பிரியா

விழுப்புரம்
13.7.2025

பிரியா,

எழுதுகிறேன். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மதகுக்கு வந்தபோது சக்கரத்தில் 2430 காட்டியது. கரை மேல் ஏறி நாலடி போயிருப்பேன். கருவேல மரத்தடியில் மூன்று பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் இல்லை. ஒருத்தன், “ஏ பொண்ணு, இன்னா தள்ளிக்கினு போற? இங்க வா, எங்களையும் அளந்துட்டுப் போ” என்றான். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மதகுக்குப் பின்னால் இருக்கிற மோட்டார் கொட்டகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். அவன் வரவில்லை. எட்டிப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அப்புறம் சார் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கரைத் துண்டு அரை கிலோமீட்டர் இருக்கும் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். சக்கரத்தை மடியில் கவிழ்த்து வைத்து உள்ளங்கையால் சுற்றினேன். 2930 வரும்வரை சுற்றினேன். பிறகு ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு அரசமரத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி தள்ளினேன்.

சார் கொடியைப் பார்த்துவிட்டு, முழுக்கத் தள்ளினியா என்று கேட்டார். தள்ளினேன் சார் என்றேன். அவர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

நடந்ததைச் சொல்லியிருந்தால் போட்டியையே நிறுத்தியிருப்பார்கள். அல்லது பெண் பிள்ளைகள் இனி ஏரிப் பக்கம் ஓடக்கூடாது என்றிருப்பார்கள். அம்மா என்னைச் சாயங்காலம் வெளியே விட்டிருக்க மாட்டாள். அதற்குப் பயந்து சொல்லவில்லை. மறுநாள் ஆட்கள் நின்றிருந்ததால் கரை மேல் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை.

இங்கே ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத யாரோ பின்னால் நிற்பது போல இருக்கிறது. வெண்ணிலா அக்கா என்று பன்னிரண்டாவது படிக்கிற சீனியர்தான் எங்களுக்கு நேரம் எடுக்கிறார். மழை பெய்து மைதானம் ஊறிக் கிடக்கிறது. உள் தடங்கள் சீனியர்களுக்கு மட்டும். புதிதாக வந்தவர்கள் அங்கே கால் வைத்தால் மண் குழம்பிவிடும் என்று திட்டுவார். நாங்கள் ஆறு பேரும் நாலாவது தடத்தில்தான் ஓடுகிறோம். ஒருநாள் ஷூ நுனி உள்ளே பட்டதற்கே, “அது உங்க அப்பன் வூட்டு ரோடா?” என்றார். அதிலிருந்து அவர் விசில் சத்தம் கேட்டாலே குனிந்து என் ஷூ எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன்.

நான் எழுதிவிட்டேன். நீ அளப்பாயா?

செல்வி

திண்டிவனம்
20.7.2025, ஞாயிறு

செல்வி,

இன்று காலை ஆறு மணிக்குப் போய் அளந்தேன். கொத்தனார் வேலை செய்கிற தேவநாதன் மாமாவிடம் முப்பது மீட்டர் டேப் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்றதற்கு ஸ்கூல் பிராஜெக்ட் என்றேன். கூட ஆள் இல்லை. அதனால் டேப்பின் வளையத்தில் ஒரு ஆணியை மாட்டி மண்ணில் அடித்துவிட்டு இழுத்துக்கொண்டு போனேன். முப்பது முடிந்ததும் ஒரு குச்சியை நட்டுவிட்டு, திரும்பி வந்து ஆணியைப் பிடுங்கி, மறுபடி. கரை இரண்டு இடத்தில் வளைகிறது. வளைவில் ஓடுகிறவள் எவ்வளவு ஒட்டிப் போவாளோ அவ்வளவு ஒட்டி வைத்தேன். கருவேல மரத்தடியில் யாரும் இல்லை. உடைந்த பாட்டில்தான் கிடந்தது. இருந்தாலும் அந்த இடத்தில் ஆணியைப் பிடுங்க ஓடி வந்து ஓடிப் போனேன். நீ ஓடியது தப்பில்லை. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பது முப்பதும், மேலே இரண்டு மீட்டரும். 572. நம்பாமல் திரும்பி வரும்போதும் அளந்தேன். 573.

பாதை குறைவு இல்லை செல்வி. அதிகம். நாம் ஓடியது 4072 மீட்டர்.

அங்கேயே கரைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்கு 16.04, அதாவது 964 விநாடி. அதே வேகத்தில் சரியாக நாலாயிரம் ஓடியிருந்தால் 947 விநாடி. பதினைந்து நிமிடம் நாற்பத்தேழு. எனக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும். நீ சுற்றாமல் விட்ட எழுபத்திரண்டு மீட்டரை நான் சும்மா ஓடியிருக்கிறேன். அதற்காக மூன்று மாதமாக நாலு செகண்டு என்று கூப்பிடப்படுகிறேன்.

உன் நேரத்தையும் போட்டுப் பார்த்தேன். நீ 15.32 வந்திருப்பாய். உனக்கு எந்தப் பக்கத்திலும் நஷ்டமில்லை.

அடுத்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுதேர்வு முடிந்து நீ வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைக்கவில்லை. மைதானத்தில் நானூறு மீட்டர் என்பது முதல் தடத்துக்கு மட்டும்தான். ஒரு தடத்தின் அகலம் நாலடி. நீ மூன்று தடம் தள்ளி ஓடுகிறாய். வட்டத்தின் சுற்றளவு, பத்தாம் வகுப்புக் கணக்குதான். சுற்றுக்கு இருபத்து மூன்று மீட்டர் கூடுகிறது. பத்துச் சுற்றுக்கு இருநூற்று முப்பது. உன் 16.38 உண்மையில் 15.44. நீ மெதுவாகவே இல்லை. உங்கள் வெண்ணிலா அக்காவுக்கு இது தெரியாதா, அல்லது மேடம் நோட்டை மட்டும்தான் பார்க்கிறாரா?

கலைப்பிரியா

விழுப்புரம்
22.7.2025

பிரியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முதலில் சந்தோஷத்தில் அழுதேன். நான் பொய்யாக ஓடவில்லை என்பதற்காக. நீ நம்ப மாட்டாய், உன்னுடைய 15.47 அரை மணி நேரம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. அதற்கு அப்புறம் அழுகை வரவில்லை. குழாயை மூடிவிட்டு எழுந்தேன்.

இன்று வெண்ணிலா அக்காவிடம், சனிக்கிழமை மட்டும் உள் தடத்தில் ஓடட்டுமா என்று கேட்டேன். வந்து ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள உள்ள வேணுமா, மேடத்த போய்க் கேளு என்றார். மேடம் அறை வரைக்கும் போனேன். கதவைத் தட்டவில்லை.

சக்கரத்தைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. தவறான தகவல் கொடுத்தால் நீக்கம். தென்னரசு சாருக்கும் பிரச்சினை வரும். பதினோராம் வகுப்பில் மட்டும்தான் இங்கே ஆள் எடுப்பார்கள். ஒருமுறை வெளியே போனால் மறுபடி வர முடியாது. எங்கள் பக்கத்து அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அது யாருக்கு வந்திருக்க வேண்டியது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த அறை வாசலைத் தாண்டும்போது உள்ளே பார்ப்பதில்லை.

நான் என்ன செய்யட்டும்? நீ சொன்னால் செய்கிறேன்.

செல்வி

திண்டிவனம்
24.7.2025

செல்வி,

நான் சொல்ல மாட்டேன். அதை என் தலையில் கட்டாதே.

போய்ச் சொல் என்று நேற்று ஒரு கடிதம் எழுதினேன். காலையில் அதை மலர்விழியிடம் கொடுக்கக் கிளம்பும்போது உன் அம்மா எங்கள் கொல்லையில் மல்லாட்டைச் செடிகளுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வரிசையில் இருந்தவர்களிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “எம் பொண்ணுக்கு தெனம் ரெண்டு முட்டையாம், பாலாம். ஃபீஸே கெடையாதாம். பன்னண்டாவது வரைக்கும் நா ஒண்ணும் பாக்க வேணாம்.” என்னைப் பார்த்ததும், உனக்கு ஏதாவது தபால் போட்டாளா, நல்லா இருக்கிறாளா என்று கேட்டார்கள். நல்லா இருக்கிறாள் என்றேன். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உள் தடத்தைக் கேள். அதற்காவது வாயைத் திற. ஓடு. மற்றதைப் பேசாதே. எனக்குக் காமர்ஸ் ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இப்படி எழுதிவிட்டேனே என்று நான் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் கோபம்தான்.

கலைப்பிரியா

விழுப்புரம்
28.7.2025, திங்கள்

பிரியா,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இடையில் நிறுத்தினால் எழுத முடியாது.

ஆறு பேரும் கோட்டில் நின்றோம். நாலாவது தடத்தில்தான் நிறுத்தினார்கள். மேடம் நேரில் வந்திருந்தார். வெண்ணிலா அக்கா விசிலை வாயில் வைத்தார். நான் கையைத் தூக்கினேன். முதல் தடத்தில் ஓடலாமா மேடம் என்று கேட்டேன். ஏன் என்றார். நாலாவது தடத்தில் பத்துச் சுற்று 4230 மீட்டர் மேடம் என்றேன். மேடம் எங்களைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார், பிறகு வெண்ணிலா அக்காவைப் பார்த்தார். “இத்தினி நாளா இங்கதான் ஓடிக்கினு இருந்தாங்களா?” என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மேடம் எங்கள் எல்லோரையும் முதல் தடத்துக்கு வரச் சொன்னார்.

15.36 வந்தேன். ஆறு பேரில் ஐந்து பேர் தப்பித்தோம்.

நான் புல்மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். மேடம் வந்து முதுகில் தட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டே, எனக்கு என்று இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். “அப்ப திண்டிவனத்துல அளந்தது கரெக்ட்டுதான். நான்தான் சந்தேகப்பட்டுட்டேன். அந்த இன்னொரு பொண்ணு நாலு செகண்டுல வுட்டுச்சே, அது நெசமாவே வுட்டதுதான்.” சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.

நான் தண்ணீர் குடிக்கப் போனேன். குழாயடியில் நின்றேன். இப்படியே அறைக்குப் போய்விடலாம் என்று இருந்தது. நீயே பேசாதே என்று எழுதியிருக்கிறாய். அம்மா கொல்லையில் சொன்னதும் காதில் கேட்டது. அன்று மோட்டார் கொட்டகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது போலவே குழாயடிச் சுவரோடு ஒட்டி நின்றேன். இந்த முறை என்னை யாரும் துரத்தவில்லை. ஆனால் நான் ஓடித்தான் உன்னுடைய ஓட்டம் பொய் என்று ஆகியிருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். மேடம் நான் என்ன சொல்கிறேன் என்று புரியாதது போல இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சக்கரத்தை மடியில் வைத்துச் சுற்றியதை, நீ டேப் பிடித்ததை, 572-ஐ எல்லாம் சொன்னேன். மேடம் மூடிய நோட்டை மறுபடி திறந்து பார்த்தார். அப்புறம், “சக்கரத்த கையால சுத்துனவ சொல்றத வெச்சு நான் என்னா பண்றது? வந்து தள்ளிக் காட்டு” என்றார்.

புதன்கிழமை அவரோடு திண்டிவனம் வருகிறேன். சாருக்குப் போன் போட்டுவிட்டார். கரைமேல் நான்தான் தள்ள வேண்டும். மேடம் என்னைத் திட்டவே இல்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என் பெட்டியை இப்போதே அடுக்கிவிட்டேன்.

நீ அன்றைக்கு ஏரிப் பக்கம் வராதே. உன்னைப் பார்த்தால் என் கையில் சக்கரம் நேராகப் போகாது. பரணிலிருந்து ஷூவை மட்டும் இறக்கி வை.

செல்வி

திண்டிவனம்
17.8.2025, ஞாயிறு

பிரியா,

இதைத் தபாலிலேயே போடுகிறேன். அலுவலகத்தில் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

உன் கடிதம் வந்தது. அந்தப் புதன்கிழமை சக்கரமும் 572 காட்டியதால் என் பெட்டி வீட்டுக்கு வந்தது, உன் பெட்டி விடுதிக்குப் போனது. முதல் வாரம் தூக்கம் வராது. மின்விசிறி சத்தம் பழகிவிடும். வெண்ணிலா அக்கா கத்தினால் பதில் பேசாதே, கொஞ்ச நேரத்தில் அவராகவே வந்து வாழைப்பழம் தருவார். விடுதிக்கு எடுப்பதற்காக வைத்த சோதனை ஓட்டத்தில் நீ 15.51 வந்தாய் என்று சார் சொன்னார். மூன்று மாதம் ஓடாமல் இருந்துவிட்டு அந்த நேரம். உன் சித்தப்பா பேருந்து நிலையத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், தான்தான் உனக்குப் பயிற்சி கொடுத்தது போல.

சாருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. பதிலில் முட்டி வலியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையாம். தானே தள்ளியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாராம். என்னை வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். காமர்ஸ்தான் கிடைத்தது. உன் பெஞ்சில் உட்காருகிறேன்.

நான் பெட்டியோடு வந்து நின்றபோது அம்மா அதை வாங்கி உள்ளே வைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இடம் போனதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, “குடிகாரனுங்க இருந்தானுங்கன்னு அன்னிக்கே எங்கிட்ட ஏண்டி சொல்லல?” என்றாள். மறுநாளிலிருந்து நான் ஓடும்போது மதகு மேட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். வேலைக்கு நேரமாகிறது போ என்றாலும் போவதில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். கரைமேல் ஓடும்போது இன்னும் அந்த மரத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். வீட்டில் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் இன்னும் திடுக்கிடுகிறேன். ஆனால் அக்டோபரில் மாவட்டப் போட்டி. நீ விடுதிக்காக ஓடுவாய், நான் நம் பள்ளிக்காக. போன முறை நான் உனக்குப் பதினைந்து விநாடி முன்னால் வந்தேன். நீ இப்போது காலையும் மாலையும், நல்ல சாப்பாட்டோடு, முதல் தடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாய். மற்ற பயமெல்லாம் இதற்கு அப்புறம்தான் பிரியா. எனக்கு இப்போது உன்னைப் பார்த்தால்தான் ரொம்பப் பயம்.

செல்வி